பழைய லண்டன் மாடி பஸ்ஸை ஐந்து பேர் சேர்ந்து வாங்கி ஓட்ட முடியுமா?

கேள்வி கேட்ட நண்பர் கிழக்கு லண்டனில் இருக்கிறார். நண்பர்கள் ஐந்து பேர் பணம் போட்டு ஒரு பழைய ரூட்மாஸ்டர் வாங்கப் பார்க்கிறார்கள். யாரும் மெக்கானிக் இல்லை. அறுபது வருஷ வண்டி ஓடுமா, ஸ்பேர் கிடைக்குமா, கோடையில் கோவில் திருவிழா, பள்ளி விழா என்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போகலாமா என்று கேட்கிறார். மூன்று கேள்விக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான். சம்பளமில்லாமல், வார இறுதியில் கிடைக்கும் நேரத்தில், ஒரு பஸ்ஸை மனிதர்களை ஏற்றும் தகுதியோடு வருஷக்கணக்கில் வைத்திருக்க முடியுமா? முடியும். பிரிட்டனில் பலர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் எஞ்சினைப் பற்றிய உங்கள் கவலை தேவைக்கு அதிகம். நிறுத்தக் கூரையுள்ள இடம், உள்ளே நுழையும் தண்ணீர், பிரேக், ஆள் நேரம் இந்த நான்கைப் பற்றியும் நீங்கள் கேட்கவே இல்லை. இப்படிப்பட்ட வண்டிகளை முடக்குவது பெரும்பாலும் இவைதான். ஆகவே அவற்றை விரிவாகச் சொல்கிறேன்.

என் அனுபவம் முன்பக்கம் எஞ்சினும் பக்கத்தில் தனி டிரைவர் அறையும் கொண்ட பிரிட்டிஷ் பஸ்களில். முக்கியமாக ஏஇசி, லேலண்ட், கார்ட்னர் கம்பெனிகளின் எஞ்சின் போட்டவை. சட்டம் பற்றிச் சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்துக்கு மட்டும். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் வண்டி நல்லதா என்று அதன் அடியில் படுத்துப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

முதலில் எந்த வண்டி என்பது. லண்டன் என்றாலே இரண்டு குடும்பம். ஒன்று ஆர்டி. 1939-ல் தொடங்கி, போருக்குப் பின் 1947 முதல் 1954 வரை பெருமளவில் கட்டப்பட்டது. ஏஇசி சேஸிஸில் (அடிச்சட்டத்தில்) 4,825, அதன் லேலண்ட் உறவுகளான ஆர்டிஎல் 1,631, ஆர்டிடபிள்யூ 500, மொத்தம் ஏறக்குறைய ஏழாயிரம். லண்டனில் கடைசி ஆர்டி 1979 ஏப்ரல் 7-ல் ஓடியது. இலங்கைக்காரர்களுக்கு இந்த முகம் பழக்கம். லண்டன் கழித்துக்கட்டிய ஆர்டி குடும்ப வண்டிகள் நூற்றுக்கணக்கில் அங்கே போய் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சிவப்பில் ஓடின. இன்னொன்று ரூட்மாஸ்டர். 1954 முதல் 1968 வரை 2,876 கட்டினார்கள். வழக்கமான சேவையில் கடைசியாக 2005 டிசம்பர் 9-ல் 159-ஆம் தடத்தில் ஓடியது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ரூட்மாஸ்டர்தான் என் சிபாரிசு. பவர் ஸ்டீயரிங் உண்டு, கியர் தானாக மாறும், அலுமினிய உடம்பு, எல்லாவற்றுக்கும் மேலாக அதை அறிந்தவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். ஆர்டி அழகான வண்டி. ஆனால் அதன் ஸ்டீயரிங் ஒரு நாள் முழுக்க நகருக்குள் ஓட்டினால் தோளைக் கழற்றிவிடும்.

வாங்கும் முன் நிறுத்த இடம் பிடியுங்கள். கூரையுள்ள இடம் வேண்டும். சாதாரண ரூட்மாஸ்டர் 8.38 மீட்டர் நீளம், நீட்டிய வகை 9.14 மீட்டர், அகலம் 2.44, உயரம் சுமார் 4.38. உள்ளே நுழையும் கதவு 4.6 மீட்டராவது இருக்க வேண்டும், டயரில் புதிதாகக் காற்றடித்த நாளிலும் இடிக்கக் கூடாது. சுற்றிலும் ஓர் ஆள் நிமிர்ந்து நடக்க இடம் விடுங்கள், இல்லாவிட்டால் வேலையே நடக்காது. விவசாயக் கொட்டகை, பழைய தொழிற்சாலை ஷெட் என்று தேடுகிறார்கள். ஊருக்குள் கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை கட்டாது. வண்டியை வாங்கிவிட்டு இடம் தேடுகிற குழு முதல் குளிர்காலத்தைத் திறந்தவெளியில் கழிக்கும். அந்த ஒரு குளிர்காலம் செய்யும் சேதம் பல வருஷ ஓட்டத்தைவிட அதிகம். தார்ப்பாய் போட்டு மூடுவது பெரும்பாலும் நிலைமையை மோசமாக்கும். உள்ளே ஈரம் தேங்கும், காற்றில் அடித்து பெயிண்டைத் தேய்க்கும்.

தண்ணீர் எங்கே நுழைகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மேல்மாடி முன் கண்ணாடியின் ரப்பர், கூரைத் தகடுகளின் இணைப்பு, பக்கக் கண்ணாடிகளின் கீழ் விளிம்பு ஆகியவற்றின் வழியே இறங்கும் நீர் உள் தகட்டுக்குப் பின்னால் ஓடி, கீழே தரைக்கும் தூணுக்கும் இடையிலான மூலையில் தேங்கும். வெளியே பெயிண்ட் பளபளக்கும்போதே உள்ளே சட்டம் இற்றுக்கொண்டிருக்கும். வாங்கப் போகும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள். ஒரு டார்ச், ஒரு தட்டை ஸ்க்ரூடிரைவர், முழங்காலுக்கு ஒரு சாக்கு எடுத்துக்கொண்டு போங்கள். பின் பிளாட்பாரத்தின் அடியில் படுத்து, அதைத் தாங்கும் சட்டங்கள், படிக்கட்டின் கால், பின் சக்கர வளைவுக்குப் பின்னுள்ள மூலை இவற்றை ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் உலோகம் இருக்கிறது. மொத்தென்று சத்தம் வந்தாலோ முனை உள்ளே போனாலோ அங்கே புட்டியும் பெயிண்டும்தான் மிச்சம். நல்ல விற்பனையாளர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

ரூட்மாஸ்டரில் தனிச் சேஸிஸ் கிடையாது. அலுமினிய உடம்பே சுமையைத் தாங்குகிறது. முன்னால் எஞ்சின், ஸ்டீயரிங், முன் சஸ்பென்ஷனைத் தாங்க ஓர் எஃகுச் சட்டம், பின்னால் ஆக்சிலையும் ஸ்பிரிங்கையும் தாங்க இன்னொன்று. இவற்றை ஏ சட்டம், பி சட்டம் என்பார்கள். எஃகும் அலுமினியமும் தொடும் இடத்தில் ஈரமும் சாலை உப்பும் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும், எஃகு துருவில் ஊதி போல்ட்டை இறுக்கும். அந்த இணைப்புகளைப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். இதைவிடப் பழைய, 1930-களிலும் 40-களிலும் கட்டிய பஸ்களில் பலவற்றின் உடம்பு ஆஷ் மரச் சட்டத்தின் மேல் தகடு அறைந்தது. அதைச் சரிசெய்வது தச்சு வேலை. ஒரு தூண் இற்றிருக்கிறது என்று தகட்டைக் கழற்றினால் எட்டுத் தூண் இற்றிருப்பது தெரியும். ஐந்து பேருக்கு முதல் வண்டியாக அது வேண்டாம்.

"அசல்" என்று விற்பவர் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்வியும் வரும். லண்டன் டிரான்ஸ்போர்ட்டின் ஆல்டன்ஹாம் பணிமனையில் முழுப் பழுதுபார்ப்புக்கு வரும் ஆர்டி வண்டியின் உடம்பைத் தூக்கிவிடுவார்கள். சேஸிஸ் ஒரு வரிசையில் போகும், உடம்பு இன்னொரு வரிசையில் போகும். வெளியே வரும்போது ஒரு சேஸிஸும் வேறொரு உடம்பும் சேர்ந்து, சாலைக்குத் திரும்ப வேண்டிய எண்ணை மாட்டிக்கொண்டு போகும். ஆகவே எண் தகட்டில் உள்ள எண்ணும் உடம்பும் சேஸிஸும் முதல் நாளில் ஒன்றாகப் பிறந்தவை என்று பெரும்பாலும் சொல்ல முடியாது. ரூட்மாஸ்டர்களிலும் உடம்பும் சட்டங்களும் இப்படி மாறின. இது குறையே இல்லை, அந்த வண்டிகள் வாழ்ந்த முறையே அதுதான். நீங்கள் பார்க்க வேண்டிய அசல் வேறு: எஞ்சின். 1990-களின் தொடக்கத்தில் நீட்டிய ரூட்மாஸ்டர்களுக்கு கம்மின்ஸ், இவெகோ எஞ்சின்கள் போட்டார்கள். பின்னால் சிலவற்றுக்கு ஸ்கேனியாவும் போட்டார்கள். ஓட்டுவதற்கு அவை லேசு, ஸ்பேரும் லேசு. ஆனால் ஏஇசியின் 9.6 லிட்டர் எஞ்சின் கொடுக்கும் ஒலியும் இழுவையும் அதில் இராது. எதற்காக வாங்குகிறீர்கள் என்று ஐந்து பேரும் முன்கூட்டியே பேசி முடிவெடுங்கள்.

எஞ்சினுக்கு வருவோம். 9.6 லிட்டரில் 115 குதிரைத்திறன் மட்டுமே எடுக்கும் எஞ்சின் ஏஇசியுடையது. லேலண்டின் ஓ.600 9.8 லிட்டரில் 125, கார்ட்னர் 6எல்டபிள்யூ 8.4 லிட்டரில் 112. மெதுவாகச் சுற்றி, கொஞ்சமாக உழைத்து, நீண்ட நாள் வாழ வடித்தவை. எண்ணெய், தண்ணீர், சுத்தமான டீசல் மூன்றும் சரியாக இருந்தால் நீங்கள் ஓட்டப்போகும் வருஷத்துக்குச் சில ஆயிரம் கி.மீ. அதற்கு வேலையே இல்லை. அதைக் கெடுப்பது நிறுத்தி வைப்பதும், நிறுத்தி வைத்த இடத்திலேயே பதினைந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து அணைப்பதும். சுமையில்லாமல் ஓடினால் எண்ணெய் சூடாவதில்லை. எரிந்த வாயுவின் ஈரம் எஞ்சினின் கீழ்ப்பகுதியான கிரான்க் கேஸில் படிகிறது, எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து எண்ணெயில் கலக்கிறது. "வாரம் ஒரு முறை ஸ்டார்ட் போட்டு வைப்போம்" என்று சொல்லும் நல்ல மனசுக்காரர்களைத் தடுத்துவிடுங்கள். மாதம் ஒரு முறை 30 கி.மீ. சாலையில் ஓட்டுங்கள், ஒரு மேடாவது ஏறட்டும். முடியாத மாதத்தில் தொடாமலே விடுங்கள்.

இன்று பிரிட்டனில் பம்பில் கிடைக்கும் டீசலில் 7 சதவீதம் வரை தாவர எண்ணெய் டீசல் கலந்திருக்கும். அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டேங்கில் நின்றால் நீரும் டீசலும் சந்திக்கும் அடுக்கில் நுண்ணுயிர் வளர்ந்து கருப்புச் சளியாகப் படியும். மேடு ஏறும்போது எஞ்சின் மூச்சு வாங்கி நின்றுபோகும் புகார்களில் நிறைய இதுதான். குளிர்காலத்துக்கு முன் டேங்கை நிரப்பி வையுங்கள், உள்ளே காற்றுக்கு இடம் குறைந்தால் ஈரமும் குறையும். டேங்கின் அடியில் உள்ள பிளக்கைத் திறந்து அரை லிட்டர் வடித்து கண்ணாடிப் புட்டியில் பாருங்கள். கிருமிக்கொல்லி மருந்து போடுங்கள். பழைய டயாஃப்ரம், ரப்பர் வாஷர்களை இந்த டீசல் ஊறவைத்துக் கெடுக்கும், ஆகவே டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் லிஃப்ட் பம்பின் டயாஃப்ரம் ஒன்றும் ஃபில்டர் இரண்டும் எப்போதும் வண்டியிலேயே இருக்கட்டும். ஃபில்டர் மாற்றியபின் ஏர் எடுக்க, அதாவது டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற, உங்களில் இருவராவது கற்றிருக்க வேண்டும். கார்ட்னரில் பம்பிலேயே கையால் அடிக்கும் லீவர்கள் இருக்கும், வேலை சுலபம்.

குளிரூட்டும் தண்ணீரில் ஆன்டிஃப்ரீஸ் கலவையை ஒவ்வோர் அக்டோபரிலும் அளக்க வேண்டும். வெறும் தண்ணீரோடு ஒரே ஓர் உறைபனி இரவு போதும், பிளாக் விரிசல் விட. விரிந்த வார்ப்பிரும்பைத் தைத்துச் சரிசெய்யும் ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் அந்தச் செலவு ஒரு சிறு குழுவின் பல வருஷச் சேமிப்பை விழுங்கும். எண்ணெய் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பல வருஷம் பழைய வகை எண்ணெயில் ஓடிய எஞ்சினுக்கு நவீன, அழுக்கைக் கரைக்கும் எண்ணெயைத் திடீரென ஊற்றினால் உள்ளே படிந்த கசடு கழன்று எண்ணெய் வழிகளை அடைக்கக்கூடும். முன்பு எது ஊற்றினார்கள் என்று பதிவேட்டில் பாருங்கள். தெரியாவிட்டால் எஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் சம்ப்பைக் கழற்றிச் சுத்தம் செய்தபின் மாற்றுங்கள். இந்த ஆபத்து எவ்வளவு பெரியது என்பதில் அனுபவசாலிகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. நான் எச்சரிக்கையாக இருப்பவர்கள் பக்கம்.

கியர்பாக்ஸ்தான் கார் ஓட்டிப் பழகியவர்களைக் குழப்பும். ஆர்டியில் இருப்பது முன்தேர்வு கியர்பாக்ஸ். லீவரை அடுத்த கியருக்கு நகர்த்தினால் எதுவும் நடக்காது. பிறகு இடது பெடலை அழுத்திவிடும்போதுதான் கியர் விழும். கிளட்ச் கிடையாது, எண்ணெய் நிரம்பிய ஃப்ளூயிட் ஃப்ளைவீல் அந்த வேலையைச் செய்யும். ஆகவே அந்தப் பெடலைக் கிளட்ச் போலப் பாதியில் பிடித்து வண்டியை நகர்த்தக் கூடாது. உள்ளே கியரைப் பிடிக்கும் பட்டைகள் வழுக்கித் தேயும். முழுதாக அழுத்தி, முழுதாக விட்டு, பிறகு ஆக்சிலரேட்டரால் நகர்த்துங்கள். சமதரையில் இரண்டாம் கியரில் கிளம்புவதே வழக்கம். காற்றழுத்த உதவியில்லாத, ஸ்பிரிங்கால் இயங்கும் பழைய முன்தேர்வு வகைகளில் பெடலை அரைகுறையாக அழுத்தி விட்டால் அது திருப்பி உதைக்கும், முழங்கால் தாங்காது. ரூட்மாஸ்டரில் கியர் பெடலே இல்லை, கியர் தேர்வு மின்சுற்று வழியாக நடக்கும். கியர் பிடிக்காவிட்டால் பாக்ஸைக் கழற்றும் முன் ஃப்யூஸ், ஒயர், சுவிட்ச் தொடுமுனை மூன்றையும் பாருங்கள். பழைய ஒயரின் ரப்பர் உறை நொறுங்கியிருக்கும், கோளாறு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். கையால் கியர் மாற்றும்போது நியூட்ரலில் ஒரு விநாடி நிறுத்தி அடுத்ததைப் போடுங்கள். இரண்டு வகையிலும் நீண்ட நேரம் நிற்க வேண்டி வந்தால் நியூட்ரலுக்குப் போய்விடுங்கள். கியரிலேயே பிரேக்கைப் பிடித்து நின்றால் ஃப்ளைவீல் எண்ணெய் கொதித்து சீல் வழியே கசியும். எண்ணெய் குறைந்த ஃப்ளைவீல் வழுக்கும், எஞ்சின் உறுமும், வண்டி ஏறாது.

இனி பிரேக். மற்றதில் சிக்கனம் பார்க்கலாம், இதில் பார்க்காதீர்கள். ஆர்டியில் காற்று பிரேக். காலையில் டேங்கின் அடியில் உள்ள குழாயைத் திறந்து தேங்கிய தண்ணீரை வெளியேற்றுங்கள். அழுத்தம் முழுதாக ஏறும்வரை நகராதீர்கள். ஏறியபின் எஞ்சினை அணைத்து, ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் வண்டியைச் சுற்றி வந்து சீறல் கேட்கிறதா என்று கவனிக்கட்டும். ஐந்து நிமிஷத்தில் முள் எவ்வளவு இறங்கியது என்று எழுதி வையுங்கள். ரூட்மாஸ்டரில் எஞ்சின் சுற்றும் பம்ப் திரவ அழுத்தத்தை உண்டாக்கி, நைட்ரஜன் அடைத்த கலன்களில் சேமிக்கும். முழு அழுத்தம் வந்தபின் எஞ்சினை அணைத்து, எச்சரிக்கை வரும்வரை பெடலை எத்தனை முறை மிதிக்க முடிகிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தால் நைட்ரஜன் வெளியேறிவிட்டது அல்லது உள்கசிவு இருக்கிறது. பிரேக் திரவத்தை மட்டும் யாரும் கடையில் கிடைத்ததை ஊற்றிவிடக் கூடாது. ரப்பர் சீல்கள் தவறான திரவத்தில் ஊதிப்போகும், பிறகு முழுச் சுற்றையும் பிரிக்க வேண்டிவரும். எது சரி என்பது கையேட்டிலும் கலனின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டிலும் இருக்கும். சீட்டு இல்லாவிட்டால் இன்றே ஒட்டுங்கள்.

பத்துக் கி.மீ. ஓட்டம் முடிந்ததும் நான்கு பிரேக் டிரம்களின் வெப்பத்தையும் அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரே ஆக்சிலில் ஒன்று மட்டும் மிகச் சூடாக இருந்தால் பிரேக் ஷூ டிரம்மில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலையே செய்யவில்லை, மற்ற மூன்றுதான் வண்டியை நிறுத்தியிருக்கின்றன. மலிவான கருவி, ஐந்து நிமிஷ வேலை, ஆனால் கழற்றாமலே இவ்வளவு சொல்லும் சோதனை வேறில்லை. சீசனுக்கு முன் லாரி சோதனைக்கூடத்தில் ரோலர் பிரேக் சோதனையும் செய்து அந்த அச்சுத்தாளைப் பத்திரப்படுத்துங்கள். பழைய பிரேக் லைனிங்குகளிலும் புகைக்குழாயின் சுற்றுத்துணியிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரிட்டனில் அது முழுமையாகத் தடைசெய்யப்பட்டது 1999-ல்தான். ஆகவே டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசு தட்டும் பழக்கம் அறவே கூடாது. ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டி அதற்குரிய முறையில் அப்புறப்படுத்துங்கள். பழைய பெயிண்டில் ஈயம் உண்டு, காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள்.

சக்கரத்தில் இரண்டு விஷயம். பிரிட்டிஷ் பஸ்களில் இடப்புறச் சக்கர நட்டுகள் பெரும்பாலும் இடப்புரி, அதாவது வழக்கத்துக்கு எதிர்த் திசையில் கழலும். தெரியாமல் நீளக் குழாய் போட்டு தவறான திசையில் முறுக்கினால் நட்டு ஏறும் ஸ்டட் ஒடியும். சக்கரம் கழற்றி மாட்டியபின் 50 முதல் 80 கி.மீ. ஓடியதும் மறுபடி டார்க் ஸ்பேனரால் இறுக்கம் பாருங்கள். வளையம் போட்ட பிளவு ரிம்களில் கூண்டுக்குள் வைக்காமல் காற்றடிக்காதீர்கள். வளையம் தெறித்தால் ஆள் பிழைப்பது அரிது. டயர் வயது குறித்து, 2021 பிப்ரவரி 1 முதல் பிரிட்டனில் பஸ், லாரிகளின் முன் ஆக்சிலில் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டயர் கூடாது. நாற்பது வருஷம் தாண்டிய, வணிகமாக ஓடாத பழைய வண்டிகளுக்கு விலக்கு உண்டு. விலக்கு இருப்பதற்காக அதைப் பயன்படுத்த வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. டிரெட் ஆழமாக இருக்கும்போதே பக்கச்சுவர் வெடிப்பதுதான் பழைய டயரின் குணம். முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னுக்குக் கிரீஸ் அடிக்கும்போது முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கிவிட்டு அடியுங்கள். எடை தரையில் இருந்தால் சுமை தாங்கும் முகத்துக்குக் கிரீஸ் போகாது, வெளியே வழிவதைப் பார்த்து உள்ளேயும் போய்விட்டது என்று நினைத்துவிடுவோம்.

ஸ்பேர் பற்றி. பேரிங், சீல், ஹோஸ், ஃபில்டர், பல்ப், பேட்டரி எல்லாம் அளவு சொன்னால் தொழில்துறைக் கடைகளில் கிடைக்கும். பிரேக் லைனிங் புதிதாக ரிவெட் அடித்துத் தர ஆட்கள் உண்டு. ரூட்மாஸ்டருக்குத் தகடு, கண்ணாடி, ரப்பர் வரை புதிதாகச் செய்து விற்கிறார்கள். கிடைக்காதவை எஞ்சின் வார்ப்புகள், சிலிண்டர் ஹெட், கியர்பாக்ஸின் உள் உறுப்புகள், டிஃபரென்ஷியல் பற்சக்கரம் போன்றவை. அவற்றுக்கு இன்னொரு வண்டி உடைபட வேண்டும். அதனால்தான் ஒரே வகை வண்டி வைத்திருப்பவர்கள் ஒருவரை ஒருவர் விடாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள். யாராவது ஷெட்டைக் காலி செய்கிறார் என்றால் அன்றே வேன் எடுத்துப் போகிறார்கள். உங்களுக்கு உடனே தேவையில்லாத ஹெட் ஒன்று நியாய விலையில் வந்தால் வாங்கிப் போடுங்கள்.

சட்டத்தில் உறுதியானது இது: 30 வருஷத்துக்கு மேல் பழைய பஸ்ஸை, 21 வயதான ஒருவர் சாதாரண கார் லைசென்ஸோடு ஓட்டலாம். எட்டுப் பயணிகளுக்கு மேல் கூடாது, கூலிக்கும் கூடாது. அதைத் தாண்டினால் பஸ் ஓட்டுவதற்கான டி வகை லைசென்ஸ் வேண்டும். நாற்பது வருஷம் தாண்டி, பெரிதாக மாற்றப்படாமல், தனிப்பட்ட உபயோகத்தில் இருந்தால் வருடாந்தரச் சோதனையிலிருந்தும் சாலை வரியிலிருந்தும் விலக்குப் பெறலாம். வணிகமாக ஓட்டினால் இந்த விலக்குகள் போய்விடும், பஸ் சேவை நடத்தும் உரிமமும் வேண்டும். மங்கலான இடம் உங்கள் திருவிழாதான். டிக்கெட் இல்லை, நன்கொடைதான் என்று உண்டியல் வைத்தால் அது கூலியாகுமா? பணம் கொடுத்தால்தான் ஏறலாம் என்ற நிலை எந்த வடிவில் இருந்தாலும் கூலியாகக் கருதப்பட வாய்ப்பு அதிகம். இதில் என் சொல்லை நம்பி ஓட்டாதீர்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு நிகழ்ச்சியின் பெயர், ஆள் எண்ணிக்கை, பணம் வாங்கும் முறை மூன்றையும் எழுத்தில் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். பொதுமக்களைப் பணம் வாங்கி ஏற்றுவதை முறையாகச் செய்ய முடியும் என்பதற்கு இம்பர்பஸ் நல்ல உதாரணம். 1943 டிசம்பரில் ராணுவப் பயிற்சிக்காகக் காலி செய்யப்பட்ட இம்பர் கிராமத்துக்கு வார்மின்ஸ்டரிலிருந்து வருஷத்தில் ஒரு நாள், 2009 முதல், பழைய ரூட்மாஸ்டர்கள் ஓடுகின்றன. விளையாட்டாகத் தெரியும், ஆனால் அது 23ஏ என்ற எண்ணில் பதிவான உண்மையான பஸ் தடம்.

ஓட்டும் நாளில் வண்டியை அதிகம் காயப்படுத்துவது மரக்கிளை. மேல்மாடியின் இடது முன் வளைவுதான் முதலில் அடிபடும், அந்தத் தகடு இரு திசையில் வளைந்தது, தட்டி எடுப்பது கடினம். போகும் தடத்தைக் கார்களில் முதல் நாளே ஓட்டிப் பார்த்து பாலங்களின் உயரம், கிளைகள், 7.5 டன் எடைத் தடை, திருப்பும் இடம் எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். வண்டியின் உயரத்தை டிரைவரின் கண்ணெதிரில் எழுதி ஒட்டுங்கள். போலீஸ் மாற்றுப்பாதை காட்டினால் உயரம் கேட்காமல் திரும்ப வேண்டாம். திறந்த பிளாட்பாரம் கொண்ட வண்டிக்கு கண்டக்டர் அலங்காரத்துக்கு அல்ல. தனி அறையில் இருக்கும் டிரைவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது. ஒரு மணி நிறுத்து, இரண்டு மணி புறப்படு, மூன்று மணி வண்டி நிறைந்துவிட்டது, நான்கு மணி அவசரம். இரண்டு மணியை கண்டக்டர் மட்டுமே அடிக்க வேண்டும், அதுவும் பிளாட்பாரத்தைக் கண்ணால் பார்த்தபின். சிறுவர்கள் மணிக்கயிற்றை இழுப்பார்கள், அவர்களை மேல்மாடி முன் இருக்கைக்கு அனுப்பிவிடுங்கள், சந்தோஷமாகப் போவார்கள்.

ஐந்து பேர் என்பதால் ஒரு தாளில் ஒப்பந்தம் எழுதுங்கள். யாருக்கு எத்தனை பங்கு, விலக விரும்பினால் என்ன விலை, ஒருவர் இறந்தால் அவர் பங்கு யாருக்கு, வண்டியை ஓடவிடலாமா கூடாதா என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு. கடைசியது முக்கியம். பிரேக் சரியில்லை என்று ஒருவர் சொன்னால், வெளியே ஐம்பது பேர் காத்திருந்தாலும் மற்ற நான்கு பேரும் எதிர்த்துப் பேசக் கூடாது. மணிநேரக் கணக்கும் போடுங்கள். ஒரு நாள் ஓட்டத்துக்குப் பின்னால் கழுவுதல், கிரீஸ், சோதனை, பதிவு என்று குறைந்தது இரண்டு ஆள்-நாள் வேலை இருக்கும். டீசல் 100 கி.மீ.க்கு சுமார் 30 லிட்டர் ஆகும். அது பெரிய செலவல்ல. இடவாடகை, இன்ஷூரன்ஸ், டயர் மூன்றும்தான் வருஷச் செலவில் முக்கால்வாசியைத் தின்னும்.

வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். சர்ரேயில் புரூக்லண்ட்ஸில் உள்ள லண்டன் பஸ் மியூசியம் தன்னார்வலர்கள் நடத்துவது. மான்செஸ்டரில் பாயில் தெருவிலும், ஸ்காட்லாந்தில் லாத்தல்மண்டிலும் இப்படியே. உங்களுக்கு புரூக்லண்ட்ஸ் பக்கம். ஐந்து பேரில் இரண்டு பேராவது ஒரு குளிர்காலம் அங்கே போய் வேலைக்கு நில்லுங்கள். முதலில் கிரீஸ் கன்னும் துடைப்பமும்தான் கையில் தருவார்கள். வசந்தத்துக்குள் ஒரு டிரம்மைத் திறந்து மூடவும், ஃபில்டர் மாற்றி ஏர் எடுக்கவும், ஃப்ளைவீலில் எண்ணெய் பார்க்கவும் வந்துவிடும். அங்கே இருப்பவர்களில் ஒருவரை, நீங்கள் பார்த்து வைத்திருக்கும் வண்டியின் அடியில் படுத்துப் பார்க்க அழைத்துப் போங்கள். அவர் வெளியே வந்து சொல்லும் விலையைத்தான் விற்பவரிடம் பேசுங்கள்.